அணு உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பீர்களா? நிலக்கரியோடு ஒப்பிட்டு ஒரு நீளமான பதில்

"செர்னோபில், ஃபுகுஷிமா எல்லாம் நடந்த பிறகும் அணு மின்சாரம் நிலக்கரியைவிடப் பாதுகாப்பானது என்கிறார்களே, அது உண்மையா, இல்லை கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிடும் கதையா? நீங்களாக இருந்தால் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பீர்களா?"

இதுதான் கேள்வி. இரண்டாவது பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதல் பாதிக்குப் பதில்: உண்மைதான். அதுவும் ஏதோ கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, பல நூறு மடங்கு. நான் அனல் மின் நிலையத்தில் பத்து வருஷத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன், அணு உலைக்காரன் கிடையாது. சாய்ந்து பேசுவதென்றால் கரிப் பக்கம்தான் சாய வேண்டும், எனக்குச் சோறு போட்டது அதுதான்.

எண்களை முதலில் முடித்துவிடுவோம். மின்சாரத்தின் ஆபத்தை ஒப்பிட ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவு, ஒரு டெராவாட் மணிக்கு எத்தனை சாவு என்பது. டெராவாட் மணி என்றால் நூறு கோடி யூனிட். சுரங்கத்தில் மாட்டிச் செத்தவர், எரிபொருள் ஏற்றிவந்த வண்டியில் அடிபட்டவர், உலை வெடித்துப் போனவர், புகையைச் சுவாசித்து மெல்ல மெல்லப் போனவர் எல்லோரையும் கூட்டி, உற்பத்தியான மின்சாரத்தால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் நூறு கோடி யூனிட்டுக்கு நிலக்கரி சுமார் 24.6 பேர், எண்ணெய் 18.4, எரிவாயு 2.8, அணு 0.03. கரி, எண்ணெய், எரிவாயு எண்கள் 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மார்கண்டியா, வில்கின்சன் இருவரும் ஐரோப்பிய நிலையங்களை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வருபவை. ஐரோப்பிய நிலையங்கள் என்பதைக் கவனியுங்கள். புகையை ஓரளவு ஒழுங்காக வடிகட்டும் இடங்கள் அவை. வடிகட்டாத இடங்களில் எண் இதைவிடக் கூடுமே தவிரக் குறையாது. அணுவின் 0.03இல் செர்னோபிலும் சேர்த்தி, ஃபுகுஷிமாவும் சேர்த்தி. செர்னோபில் சாவுக் கணக்கே பொய் என்று உடனே ஒருவர் வருவார், அவருக்கும் பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அணு உலை விபத்து நடந்தால் கொல்லும். நிலக்கரி ஒழுங்காக ஓடும்போதே கொல்லும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். "எல்லாம் நார்மல்" என்று லாக் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த ஷிஃப்ட்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போன நாள்களில்தான் அந்த 24.6 சேர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1,000 மெகாவாட் அனல் நிலையம் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 டன் கரியை விழுங்கும், கரி மட்டமாக இருந்தால் இன்னும் அதிகம். அதை மாவாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதுகிறோம். எரிந்தது போக மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி புகையோடு பறக்கிறது. புகைபோக்கிக்குப் போகுமுன் அது மின்னழுத்தம் ஏற்றிய தகடுகளுக்கு நடுவே போக வேண்டும், அங்கே 99 சதவீதத்துக்கு மேல் தகட்டில் ஒட்டிக்கொண்டு, ஹாப்பர் என்ற சேகரிப்புத் தொட்டியில் விழுந்துவிடும். அந்த ஹாப்பர் சாம்பலை விரலில் எடுத்துத் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும், அவ்வளவு நைஸ். விரல் ரேகைக்குள் புகுந்துகொள்ளும், தண்ணீரில் கழுவினாலும் லேசில் போகாது. இது பிடிபட்ட சாம்பல். பிடிபடாமல் தப்பிப் போவது இதைவிட நைஸானது, ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாகவே வெளியே போய், காற்றில் அமோனியாவோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகத் துகள்களாக உருவாகின்றன. அதனால் செத்தவர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்திருக்க வேண்டும் என்றில்லை, புகைபோக்கியை வாழ்நாளில் பார்த்தேயிராதவராகக்கூட இருக்கலாம். சாவும் பெரும்பாலும் நுரையீரல் நோயாக வராது, மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வரும். இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்றுதான் இருக்கும். 'நிலக்கரி' என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை, எழுதவும் முடியாது.

ஒருமுறை இது எல்லோர் கண்ணிலும் பட்டது. 1952 டிசம்பர் 5ஆம் தேதி லண்டனில் குளிர்காற்று அசையாமல் உட்கார்ந்துவிட, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடி போட்ட மாதிரி நிற்க, வீட்டு அடுப்புகளின் கரிப் புகையும் மின் நிலையப் புகையும் மேலே போக வழியில்லாமல் ஐந்து நாள் தரையோடு தேங்கி நின்றது. பேருந்துக்கு முன்னால் ஒருவர் விளக்கோடு நடந்துபோய் வழிகாட்ட வேண்டியிருந்தது. புகை எவ்வளவு மோசம் என்பது அந்த நாள்களில் பலருக்குத் தெரியவேயில்லை, லண்டன் என்றால் மூடுபனி சகஜம்தானே. பிறகு இறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது வழக்கத்தைவிட 4,000 பேர் அதிகம். அடுத்த வாரங்களில் செத்தவர்களையும் சேர்த்துப் பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. உலை எதுவும் வெடிக்கவில்லை, எல்லா அடுப்பும் ஒழுங்காகத்தான் எரிந்தது.

இன்று உலகம் முழுக்க வெளிக்காற்று மாசால் வருஷத்துக்குச் சுமார் 42 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. புதைபடிவ எரிபொருளால் மட்டும் எத்தனை பேர் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு, மொத்தத்தையே வேறு முறையில் கணக்கிடுபவர்களும் உண்டு. மிகக் குறைவாகச் சொல்பவர்கள் 10 லட்சம் என்கிறார்கள், அதிகமாகச் சொல்பவர்கள் 80 லட்சத்தையும் தாண்டுகிறார்கள். இதில் வாகனமும் தொழிற்சாலையும் சேர்த்தி, மின் நிலையம் மட்டும் இல்லை. என் வாதத்துக்குக் குறைந்த எண்ணே போதும், அதையே வைத்துக்கொள்வோம்.

விபத்துகள் என்று பார்த்தாலும் கரி சளைத்ததில்லை. 1906இல் பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர். 1942இல் சீனாவில், அப்போது ஜப்பானியர் பிடியிலிருந்த பென்சிஹு சுரங்கத்தில் 1,549 பேர், உள்ளே தீ பரவாமல் இருக்கக் காற்றை நிறுத்திச் சுரங்கத்தை மூடியதால் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடில் மூச்சடைத்துப் போனார்கள். 1966இல் வேல்ஸில் ஆபர்ஃபான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து 144 பேர், அவர்களில் 116 பேர் குழந்தைகள். 2014இல் துருக்கியின் சோமாவில் 301 பேர். எண்ணெய், எரிவாயுப் பக்கம் போனால் 1988இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை, 167 பேர். பென்சிஹு விபத்து நடந்தது ஏப்ரல் 26ஆம் தேதி. சரியாக 44 வருஷம் கழித்து அதே தேதியில் நடந்ததுதான் செர்னோபில். இரண்டாவது தேதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், முதலாவது தெரிந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, அணு உலைக்கு வருவோம். "உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காதா?" என்று கேட்பார்கள். வெடிக்காது. குண்டுக்கு, யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் வகையான யுரேனியம்-235 தொண்ணூறு சதவீதம் அளவுக்குச் செறிந்திருக்க வேண்டும், சாதாரண மின் உலை எரிபொருளில் 3 முதல் 5 சதவீதம்தான். உலையில் நடந்திருக்கும் வெடிப்புகள் நீராவி வெடிப்பும் ஹைட்ரஜன் வெடிப்பும். அவையும் மோசம்தான், ஆனால் அணுகுண்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உலையின் நிஜமான பிரச்சினை வேறு. கொதிகலன் ட்ரிப் ஆனால் கரி ஊதுவது நிற்கும், நெருப்பு அணையும், கதை முடிந்தது. அணு உலை ட்ரிப் ஆனால், அதாவது கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கி, அணுக்களைப் பிளக்கும் வினை நின்றுவிட்ட பிறகும், எரிபொருள் சுட்டுக்கொண்டேயிருக்கும். பிளந்து கிடக்கும் அணுக்கள் தாமாகச் சிதைந்து வெப்பம் விடுகின்றன. நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6, 7 சதவீதம், ஒரு நாளில் அது அரை சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கிறது, ஆனால் 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் 6 சதவீதம் என்றால் 180 மெகாவாட். அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நாள்கணக்காக, வாரக்கணக்காக. அணு உலைப் பாதுகாப்பு என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதி வைத்திருப்பதையெல்லாம் பிழிந்தால் பாதிக்கு மேல் இந்த ஒரே கவலைதான்: மின்சாரம் போனாலும், பம்பு நின்றாலும், பூகம்பம் வந்தாலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்குமா?

மூன்று பெரிய விபத்துகளில் இரண்டு இந்தத் தண்ணீர் விஷயம்தான்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட், விடிகாலை நாலு மணி. ஒரு பம்பு நிற்கிறது, உலை ஒழுங்காக ட்ரிப் ஆகிறது, அழுத்தம் குறைய ஒரு வால்வு திறக்கிறது. அது மறுபடி மூட வேண்டும், மூடவில்லை, சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை இல்லை, வால்வுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவை. மூடச் சொல்லியாகிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, வால்வு மூடிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டேயிருந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு, தானாக வந்த அவசர நீரையும் அவர்களே குறைத்தார்கள். உலை மையத்தில் பாதி உருகிப்போனது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்த ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நூற்றுக்கணக்கான அலாரம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒரு விளக்கு பொய் சொன்னால் என்ன செய்ய முடியும்.

விளைவு? உலையைச் சுற்றியிருந்த கான்கிரீட் கூடம் தாங்கியது. அக்கம்பக்கத்து 20 லட்சம் பேருக்குக் கிடைத்த கூடுதல் கதிர்வீச்சு சராசரியாக 0.01 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகத்தில் யாராக இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம், ஒரு நெஞ்சு சிடி ஸ்கேனில் 7ஐ ஒட்டி வரும். பக்கத்திலிருந்த முதல் உலை அதற்குப் பிறகும் 2019 வரை ஓடியது.

செர்னோபில் வேறு ஜாதி. அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் "உலை என்றாலே செர்னோபில்" என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. பெரும்பாலான உலைகளில் தண்ணீருக்கு இரண்டு வேலை: சூட்டை எடுத்துக்கொண்டு போவது, அணுக்களைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து வினையை நடக்க வைப்பது. தண்ணீர் கொதித்துப்போனால் வினையும் தளர்ந்துவிடும். செர்னோபில் மாதிரி உலையில் வேகத்தைக் குறைக்கும் வேலை கிராஃபைட்டுக்கு, தண்ணீர் சூட்டை மட்டும் எடுக்கும், கூடவே கொஞ்சம் நியூட்ரானை விழுங்கும். அங்கே தண்ணீர் கொதித்து ஆவியானால் வினை ஏறும். ஏறினால் இன்னும் கொதிக்கும், கொதித்தால் இன்னும் ஏறும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு, ஒரு சோதனைக்காகப் பாதுகாப்பு ஏற்பாடுகளை அணைத்து, குறைந்த திறனில் உலையைத் தள்ளாட விட்டுவிட்டு, கடைசியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். இறங்கிய தண்டுகளின் நுனி கிராஃபைட். நிறுத்த வேண்டிய தண்டு முதல் சில விநாடிகளுக்கு வினையைக் கூட்டியது. பிரேக் மிதித்தால் வண்டி சீறுகிற மாதிரி. மேலே உறுதியான கான்கிரீட் கூடமும் கிடையாது.

அன்றிரவு 2 பேர். கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர், அவர்களில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்களும் நிலைய ஊழியர்களும். இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆத்திரம் வரும் பகுதி. நிலையத்தை ஒட்டியிருந்த ப்ரிப்யாத் நகரத்தை ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்துத்தான் காலி செய்தார்கள். அதைவிட மோசம் பால். அயோடின்-131 புல்லில் விழுந்தது, புல்லை மாடு தின்றது, பாலைக் குழந்தைகள் குடித்தன. அந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், வெறும் 8 நாள். இரண்டு மூன்று மாதம் உள்ளூர்ப் பாலை நிறுத்தியிருந்தால், குழந்தைகளுக்கு உடனே அயோடின் மாத்திரை கொடுத்திருந்தால், பெரும்பகுதி தடுத்திருக்கலாம். பல இடங்களில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2005க்குள் அப்போது சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய், அதில் பெரும்பங்கு அந்தப் பாலால். நல்லவேளையாக அது பெரும்பாலும் குணமாகும் நோய், அதுவரை இறந்தது 15 பேர்.

நீண்ட காலத்தில் எத்தனை பேர் என்பதில்தான் சண்டை. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட சுமார் 6 லட்சம் பேரில் 4,000 வரை இறக்கலாம் என்று 2005இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து சொன்னது. ஐரோப்பா முழுக்கக் கணக்கிட்டவர்கள் 16,000 என்றார்கள். கிரீன்பீஸ் 2006இல் 93,000 என்றது. முன்னால் பொறுக்கச் சொன்னேனே, அந்த நண்பருக்காக 93,000ஐயே எடுத்துக்கொள்வோம், பேரம் பேசாமல். உலகத்து அணு உலைகள் இதுவரை உற்பத்தி செய்தது அந்த நூறு கோடி யூனிட் மூட்டைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் மூட்டை. வகுத்தால் மூட்டைக்கு ஒரு சாவு. எரிவாயுவில் பாதிக்கும் குறைவு, நிலக்கரியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இன்னொரு விதமாகச் சொன்னால், புதைபடிவப் புகைக்கு மிகக் குறைந்த கணக்கான வருஷத்துக்கு 10 லட்சத்தை வைத்தாலும், அது 93,000ஐத் தொட ஐந்து வாரம்கூட ஆகாது.

ஃபுகுஷிமாவில் பூகம்பத்தை உலைகள் தாங்கின. 2011 மார்ச் 11, பூகம்பத்தின் அளவு 9, உலைகள் தானாக நின்றன, வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி. முக்கால் மணி நேரம் கழித்துச் சுமார் 14 மீட்டர் அலை வந்தது. நிலையத்தின் வடிவமைப்பு எதிர்பார்த்தது 6 மீட்டருக்கும் குறைவு. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன தெரியுமா? அடித்தளத்தில். கடல் ஓரத்தில், சுனாமி என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாட்டில். 15 மீட்டரைத் தாண்டிய அலை வரக்கூடும் என்று அந்த மின் நிறுவனமே 2008இல் உள்ளுக்குள் கணக்கிட்டிருந்தது, எதுவும் செய்யவில்லை.

அதே கடற்கரையில், பூகம்ப மையத்துக்கு இன்னும் பக்கத்தில், ஓனகாவா என்று இன்னோர் அணு நிலையம் இருக்கிறது. அங்கே வந்த அலையும் 13 மீட்டர். ஆனால் அதைக் கட்டிய காலத்தில் ஹிராய் என்ற பொறியாளர், 12 மீட்டர் போதும் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல, பழைய சுனாமிகளைக் காட்டிச் சண்டை பிடித்து 14.8 மீட்டர் உயரத்தில் கட்ட வைத்திருந்தார். உலைகள் பத்திரமாக நின்றன. வீடு இழந்த பக்கத்து ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் அணு நிலைய வளாகத்துக்குள் வந்துதான் தங்கினார்கள், மாதக்கணக்கில். அந்தச் செய்தியை எத்தனை பேர் படித்திருப்பீர்கள்?

பூகம்பமும் சுனாமியும் கொன்றது 18,000 பேருக்கு மேல். உலையின் கதிர்வீச்சால் என்று ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு ஊழியரின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, 2018இல். ஆனால் ஃபுகுஷிமா மாகாணத்தில் 2,300 பேருக்கு மேல் வேறு விதமாக இறந்தார்கள், பேரிடரோடு தொடர்புடைய சாவு என்று அரசே பதிவு செய்தது. பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேருந்தில் ஏற்றி, மருந்து இல்லாமல், மணிக்கணக்காகச் சுற்றி, பள்ளிக்கூட ஹாலில் இறக்கி, அப்புறம் ஊர் திரும்ப முடியாமல் மனமொடிந்து. ஒன்றரை லட்சம் பேரை அவசரமாகக் கிளப்பியதன் விலை அது. அந்த முதியவர்களில் பலரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு அங்கேயே வைத்துச் சில நாள் கழித்து நிதானமாக மாற்றியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னது. கதிர்வீச்சைப் பற்றிய பயம் கதிர்வீச்சைவிட அதிகம் பேரைக் கொன்றது. ஆனால் பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், சரியான தகவலைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

கழிவு பற்றிக் கேட்பீர்கள். இங்கேதான் அளவு முக்கியம். ஒரு யுரேனிய வில்லை சுண்டுவிரல் நகம் அளவு, ஏறக்குறைய ஒரு டன் கரி தரும் ஆற்றலைத் தரும். அதனால் 1,000 மெகாவாட் உலைக்கு வருஷத்துக்கு 25, 30 டன் எரிபொருள் போதும். கரியாக இருந்தால் 30 லட்சம் டன். உலகத்து மின் உலைகளிலிருந்து இதுவரை வெளியே எடுத்த பயன்படுத்திய எரிபொருள் மொத்தமும் 4 லட்சம் டன்னை ஒட்டி வரும். கரி நல்ல தரமாகவே இருந்தாலும், ஒரே ஓர் அனல் நிலையம் ஒன்றரை வருஷத்துக்குள் அவ்வளவு சாம்பலைக் கொட்டிவிடும்.

ஆனால் டன்னுக்கு டன் இரண்டும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த எரிபொருளுக்குப் பக்கத்தில் தடுப்பில்லாமல் நின்றால் நிமிஷக்கணக்கில் உயிருக்கு ஆபத்தான அளவு ஏறிவிடும். சாம்பல் மேல் நான் செருப்புக் காலோடு நடந்திருக்கிறேன். "சாம்பல் அணுக்கழிவைவிடக் கதிரியக்கம் கூடியது" என்று அடிக்கடி சுற்றிவரும் செய்தி தப்பு. கரியில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் உண்டு, அதனால் ஒழுங்காக ஓடும் இரண்டு நிலையங்களை எடுத்தால் அனல் நிலையம் சுற்றுப்புறத்தில் கலக்கும் கதிரியக்கம் அணு நிலையத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அதுதான் 1978இல் வந்த ஆய்வு சொன்னது. இரண்டுமே மிகக் குறைந்த அளவு. அணு ஆதரவாளர்கள் இதை ஊதிப் பெரிதாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை, இருக்கிற உண்மையே போதுமான பலத்தோடு இருக்கும்போது எதற்கு இது.

அணுக்கழிவு எங்கே இருக்கிறது என்று தெரியும், எண்ணி வைத்திருக்கிறார்கள். சில வருஷம் தண்ணீர்க் குளத்தில், அப்புறம் எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த பீப்பாய்களில். பின்லாந்தில் ஓன்காலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் ஆழத்தில், பாறைக்குள், செம்பு உறையிட்டுக் களிமண் சூழ நிரந்தரமாகப் புதைக்கச் சுரங்கம் வெட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் கபோன் நாட்டின் ஓக்லோவில் ஏறக்குறைய 200 கோடி வருஷத்துக்கு முன் இயற்கையே உலை நடத்தியிருக்கிறது, 1972இல் கண்டுபிடித்தார்கள். நிலத்தடி நீர் ஓடும் இடத்தில், உறையும் இல்லாமல், அதன் கழிவில் பெரும்பகுதி அதிகம் நகராமல் கிடந்தது. கரிச் சாம்பலோ திறந்த குளத்தில் கிடக்கிறது. அதில் இருக்கும் ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் அரை ஆயுளே கிடையாது, என்றைக்கும் விஷம்தான். 2008இல் அமெரிக்காவின் கிங்ஸ்டனில் ஒரு சாம்பல் குளத்தின் கரை உடைந்து 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் சேறு ஆற்றிலும் சுற்றியிருந்த நிலத்திலும் பாய்ந்தது.

அணுவின் நிஜமான குறைகளை மறைக்கப் போவதில்லை. விபத்து நடந்தால் சாவு குறைவாக இருக்கலாம், ஆனால் ஊர் போய்விடும். ப்ரிப்யாத்துக்கு இன்னும் யாரும் திரும்பவில்லை. சாவுக் கணக்கில் வீடு இழந்தது வராது. ஆரம்ப காலத்து யுரேனியச் சுரங்கங்களில் காற்றோட்டம் இல்லாமல் ரேடான் வாயுவைச் சுவாசித்து, அமெரிக்காவில் நவஹோ பழங்குடித் தொழிலாளர்கள் நிறையப் பேர் நுரையீரல் புற்றுநோயில் போனார்கள், அவர்களிடம் ஆபத்தைச் சொல்லவேயில்லை. அப்புறம் போர். உக்ரைனின் சப்போரிஷியா நிலையம் 2022இல் ரஷ்யப் படைகள் கைக்குப் போனது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, குளிர்விக்கும் நீருக்கு நம்பியிருந்த ஏரியே வற்றியது. ஆறு உலைகளும் நிறுத்தப்பட்டு மாதங்கள் ஆகிச் சூடு தணிந்திருந்ததால் பிழைத்தது. எந்த வடிவமைப்பாளரும் பீரங்கிக்கு நடுவில் உலை ஓட்டுவதாக யோசித்திருக்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதியான பதில் இல்லை.

சூரியசக்தியும் காற்றாலையும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றால், பாதுகாப்பில் அவையும் அணுவும் ஒரே வரிசைதான், நூறு கோடி யூனிட்டுக்கு 0.02, 0.04 என்று. செலவு, கட்ட ஆகும் வருஷம், இரவு நேரம் என்று அது வேறு விவாதம்.

உலையை மூடினால் அந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதுதான் என் கவலை. ஜெர்மனி ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உலைகளை ஒவ்வொன்றாக மூடி, 2023 ஏப்ரல் 15இல் கடைசி மூன்றையும் நிறுத்தியது. அப்போதும் அங்கே கரி எரிந்துகொண்டிருந்தது. முதல் சில வருஷங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அணுவின் இடத்தைப் பெரும்பாலும் கரி மின்சாரமும் இறக்குமதி மின்சாரமும் பிடித்ததால் வருஷத்துக்குச் சுமார் 1,100 கூடுதல் சாவுகள் என்று கணக்கிட்டார்கள். 2013இல் கரேச்சா, ஹான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள்: 1971 முதல் 2009 வரை அணு மின்சாரம் இல்லாமல் அதைக் கரியும் எரிவாயுவும் தந்திருந்தால் 18 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள்.

இனி இரண்டாவது பாதி. பக்கத்தில் குடியிருப்பேனா? இருப்பேன், ஆனால் நாலு கேள்வி கேட்டுவிட்டு. டீசல் ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, அது நனைந்தால் அடுத்து என்ன? உலையைச் சோதிக்கும் அதிகாரி சம்பளம் வாங்குவது உலையை நடத்துகிறவரிடமா, வேறு யாரிடமாவதா? அயோடின் மாத்திரை எந்தக் கட்டடத்தில், யார் கையில் சாவி? விபத்து என்றால் பாலை நிறுத்தும் உத்தரவை யார், எத்தனை மணி நேரத்துக்குள் போடுவார்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்கிறவர்கள் நடத்தும் உலை என்றால் மறுநாளே சாமான்களை ஏற்றிவிடுவேன். அனல் நிலையத்துக்குக் காற்றடிக்கும் பக்கம் என்றால் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன், வேறு வீடு பார்ப்பேன். அங்கே பதில்கள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், வேலைக்குப் போட்டுப் போன நீலச் சட்டையின் காலரை என் மனைவி எத்தனை தடவை துவைத்தும் அந்தச் சாம்பல் நிறம் போகவில்லை.